ஏன் இன்னும் ஆர்.சி.யாகவே இருக்கிறீர்கள்? – காந்தல் டீச்சரிடம் சில கேள்விகள்

மே 3, ஊட்டி காந்தலில் குருசடித் (சிலுவைக் கோயில்) திருவிழா முடிந்த கையோடு கேள்விகள் வந்து சேர்ந்தன. விதவிதமாகக் கேட்டிருந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இத்தனை சபைகள் இருக்கும்போது கத்தோலிக்கர்கள் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்? 31 வருஷம் ஞாயிறு மறைக்கல்வி எடுத்தவள் நான். படித்ததையும் பட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி (குன்னூர், கல்லூரி மாணவி): டீச்சர், என் ஹாஸ்டல் தோழி பெந்தெகொஸ்தே சபை. "பைபிளில் இல்லாததை எல்லாம் செய்கிறீர்கள், பைபிளிலேயே கூடுதலாகப் புத்தகம் சேர்த்துவிட்டீர்கள்" என்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை.

பதில்: அவள் பைபிளில் 66 நூல்கள், நம்முடையதில் 73. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு, இந்த 7 நூல்களும் எஸ்தர், தானியேலில் சில பகுதிகளும்தான் வித்தியாசம். இவை நாம் பிற்பாடு ஒட்டியவை அல்லம்மா. கிரேக்கம் பேசிய யூதர்களிடம் புழங்கியவை. 393இல் ஹிப்போவிலும் 397இல் கார்த்தேஜிலும் ஆயர்கள் கூடிப் பட்டியல் போட்டபோதே உள்ளே இருந்தவை. 1546இல் திரெந்து நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் அந்தப் பட்டியலை உறுதி செய்தது. பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோமுக்கு இந்த நூல்கள்மேல் தயக்கம் இருந்தது உண்மை. அதையும் மறைக்காமல் தோழியிடம் சொல்.

சொல்லிவிட்டு ஒன்று கேள். எந்தெந்த நூல் வேதம் என்ற பட்டியல் பைபிளுக்குள் எந்த வசனத்தில் இருக்கிறது? எங்கேயும் இல்லை. மத்தேயு உள்ளே, தோமாவின் பெயரில் உலவிய நற்செய்தி வெளியே என்று பிரித்துக் கொடுத்தது திருச்சபை. அவள் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கும் புத்தகத்தை அவள் கை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்ததும் அந்த மரபுதான். வாய்மொழியாகக் கேட்டதையும் திருமுகத்தில் படித்ததையும் சேர்த்தே கடைப்பிடியுங்கள் என்று பவுலடிகள் தெசலோனிக்கருக்கு எழுதினார் (2 தெச 2:15).

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். அவள் காலையில் எழுந்ததும் பைபிள் திறக்கிறாள். நீ? 1578இல் கொல்லத்தில் நம்மவர்கள் தமிழில் அச்சிட்டது மறைக்கல்வி நூல். புதிய ஏற்பாட்டையே தமிழில் அச்சிட்டு 1714-15இல் மக்கள் கையில் கொடுத்தவர்கள் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனைச் சேர்ந்த சீகன்பால்கும் அவரோடு இருந்தவர்களும். அந்தக் கடன் நமக்கு உண்டு. தினம் ஒரு அதிகாரமாவது படி.

கேள்வி (கேத்தி, சி.எஸ்.ஐ. என்ற புரொட்டஸ்டன்ட் சபை அண்ணன்): எங்கள் குடும்பம் பாசல் மிஷன் காலத்திலேயே கிறிஸ்துவுக்குள் வந்தது. உங்கள் ஆட்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் மாதாவைக் கும்பிடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பதில்: அண்ணா, 1846இல் கேத்திக்கு வந்த அந்த மிஷனரிமார் பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். இந்த மலை அதை மறக்காது. உங்கள் கேள்வியும் அன்போடு கேட்டது என்று தெரிகிறது.

எங்களுக்கு ஆராதனை வேறு, வணக்கம் வேறு. ஆராதனை கடவுள் ஒருவருக்கே. மாதாவுக்கும் புனிதர்களுக்கும் வணக்கம். நாங்கள் சொல்லும் "அருள் நிறைந்த மரியே" ஜெபத்தில் முதல் பாதி கபிரியேல் தூதரும் எலிசபெத்தம்மாளும் சொன்னது, லூக்கா முதல் அதிகாரத்தில் இருப்பது. மறுபாதி, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்ற விண்ணப்பம், அவ்வளவுதான். உங்கள் பைபிளிலும் "இதுமுதல் எல்லாச் சந்ததிகளும் என்னைப் பாக்கியவதி என்பார்கள்" என்றுதானே இருக்கிறது? அப்படிச் சொல்லும் சந்ததியில் நாங்களும் இருக்கிறோம்.

என் மாமியார் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியவர். ஒரு தகரப் பெட்டி, இரண்டு பிள்ளைகள், மடு மாதா படம் ஒன்று. இவற்றோடுதான் கப்பல் ஏறினார். கண்ணாடி விரிசல் விட்ட அந்தப் படம் இன்றும் எங்கள் அடுப்படிச் சுவரில் இருக்கிறது. அதன் முன்னால் நின்று அவர் கேட்டதெல்லாம், "தாயே, உன் மகன்கிட்ட சொல்லு" என்பதுதான். மகனிடம் சொல்லச் சொல்வதில் மகனுக்கு என்ன குறை? சிலர் எல்லை மீறுவது உண்டு. சுரூபத்துக்குச் (சிலைக்கு) செய்யும் அலங்காரத்தில் பாதிகூட, பூசையில் ஆண்டவரின் உடலாகிய அப்பத்தை வைத்திருக்கும் நற்கருணைப் பேழைக்கு முன் செய்யாத ஊர்கள் உண்டு. அது திருத்தப்பட வேண்டியது. அதற்காகத் தாயை வீட்டைவிட்டு அனுப்ப முடியாது அண்ணா.

கேள்வி (கோத்தகிரி, இளைஞர்): உண்மையைச் சொல்லுங்கள் டீச்சர். அங்கே பிறந்தீர்கள், அதனால் அங்கேயே இருக்கிறீர்கள். வேறு காரணம் உண்டா?

பதில்: பிறந்ததால்தான் தம்பி. அதில் எனக்கு வெட்கமில்லை. தமிழையும் நான் தேர்ந்தெடுத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு கட்டத்தில் வாசலைத் தாண்டிப் போனவள்தான் நானும்.

அப்போது எனக்கு 34 வயது. அக்கா குடும்பம் ஒரு ஜெப வீட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தது. எட்டு மாதம் பூசையை விட்டுவிட்டு நானும் அவளோடு போனேன். அந்த மக்களைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரமே பாஸ்டருக்கு என் பிள்ளைகளின் பெயர் தெரிந்திருந்தது. என் வீட்டுக்காரருக்கு வேலை இல்லாத மாதம் யாரோ வாசலில் அரிசிப் பையை வைத்துவிட்டுப் போனார்கள். நான் பிறந்து வளர்ந்த பங்கில் அது நடந்ததில்லை. ஜெபம் என்றால் வாய் திறந்து சொந்த வார்த்தையில் கேட்பது என்று அங்கேதான் கற்றேன். இன்றும் அப்படித்தான் ஜெபிக்கிறேன்.

ஆனால் எல்லாமே பேச்சில் நின்றது. பாஸ்டர் நன்றாகப் பிரசங்கித்த வாரம் நிறைந்து திரும்பினோம். அவர் சோர்ந்திருந்த வாரம் வெறுங்கையோடு திரும்பினோம். எனக்கு என்னவோ பசித்தது. பெயர் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஆடி மாதம் அம்மா படுக்கையில் விழுந்தார். மஞ்சூர்ப் பக்கம் எஸ்டேட் லயனில் கடைசி வீடு. மூன்று வாரமாக யாரையும் அடையாளம் தெரியவில்லை, என்னையும் சேர்த்து. பங்குச் சாமியார் ஜீப் வராத பாதையில் மழையோடு நடந்து வந்தார். அங்கியின் ஓரமெல்லாம் செம்மண். நாங்கள் ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுத்திரி ஏற்றி, டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தோம். சட்டைக்குள்ளிருந்து சின்னச் சிமிழை எடுத்தார். முழு அப்பத்தை அம்மாவால் விழுங்க முடியாது என்று ஓர் அரிசி அளவுக்குக் கிள்ளி, கரண்டித் தண்ணீரில் நனைத்தார். "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். மூன்று வாரமாகப் பேசாத அம்மா "ஆமென்" என்று வாயைத் திறந்தார்.

சாமியார் அன்று பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. செய்திருந்தாலும் அம்மாவுக்குப் புரிந்திருக்காது. புரிந்துகொள்ள முடியாத நிலையில் கிடந்த ஒருத்தியிடமும் ஆண்டவர் வந்தார், வாய்க்குள் வந்தார். அடுத்த ஞாயிறு நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்து நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கினேன். எட்டு மாதமாக எதற்குப் பசித்தது என்று அப்போது தெரிந்தது.

யோவான் 6ஆம் அதிகாரத்தைப் படித்துப் பார் தம்பி. என் சதையை உண்ண வேண்டும் என்று இயேசு சொன்னதும், "இது கடினமான பேச்சு" என்று பலர் விலகிப் போகிறார்கள். "நான் அடையாளமாகத்தான் சொன்னேன், திரும்பி வாருங்கள்" என்று அவர் கூப்பிடவில்லை. பேதுரு மட்டும், "ஆண்டவரே, நாங்கள் யாரிடம் போவோம்?" என்கிறார். லூத்தரே இதில் விட்டுக்கொடுக்கவில்லை. 1529இல் ஜெர்மனியின் மார்பூர்க் நகரில், அப்பம் அடையாளம்தான் என்ற சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்கிளியோடு வாதாட உட்கார்ந்தபோது, மேசைமேல் சுண்ணக்கட்டியால் "இது என் உடல்" என்று லத்தீனில் எழுதி வைத்துக்கொண்டார். கடைசிவரை அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போகவில்லை. சி.எஸ்.ஐ. சபையில் திருவிருந்தை எவ்வளவு பயபக்தியோடு வாங்குகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். ஆனாலும் பூசை முடிந்த பிறகும் பேழைக்குள் அவர் இருக்கிறார், விளக்கு எரிகிறது, போய் உட்காரலாம் என்பதை என்னால் விட்டுவர முடியாது. மற்ற எல்லாக் கேள்விக்கும் எனக்கு இதற்கு அடுத்த இடம்தான்.

கேள்வி (கூடலூர்): போப் எதற்கு? இயேசு போதாதா?

பதில்: இயேசு போதும். அவரே சீமோனுக்குப் பாறை என்று பெயர் வைத்து, "இந்தப் பாறையின்மேல் என் திருச்சபையைக் கட்டுவேன்" என்றார் (மத் 16:18). உங்கள் கூடலூரிலேயே தமிழ்ப் பூசைக்கும் மலையாளப் பூசைக்கும் போய்ப் பாருங்கள். இரண்டிலும் திருத்தந்தையின் பெயர் சொல்லி ஜெபிப்பார்கள். ஒருவரோடு ஒருவர் மனஸ்தாபப்பட்டால் பக்கத்துத் தெருவில் புதுச் சபை தொடங்க எங்களால் முடியாது. சேர்ந்தே இருந்து தீர்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர், அரவேணு): பாவத்தை நேராகக் கடவுளிடம் சொன்னால் ஆகாதா? ஒரு மனிதனிடம் ஏன்?

பதில்: தினமும் நேராகவும் சொல்லுங்கள். "எவருடைய பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ" என்று உயிர்த்த ஆண்டவர் சீடர்களிடம் சொன்னார் (யோவான் 20:23). நாம் சொல்வதைக் காதில் வாங்காமல் அவர்கள் எப்படி மன்னிப்பது? மனசுக்குள் சொல்லும்போது நாமே வழக்கறிஞராகி நமக்காக வாதாடிவிடுகிறோம். சத்தமாகச் சொல்லும்போது அது நடப்பதில்லை. கேட்டதை வெளியே சொல்லும் குரு அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாகிறார். உங்கள் கேள்வியில் ஒரு பாரம் தெரிகிறது. தெரியாத ஊர்க் கோயிலுக்குப் போயாவது இறக்கிவிட்டு வாருங்கள்.

கேள்வி (ஊட்டி): சாமியார்கள் சிலர் நடக்கும் விதம், கல்லறையில்கூடச் சாதி. இதையெல்லாம் பார்த்த பிறகும் எப்படி இருக்க முடிகிறது?

பதில்: என் அப்பா இறந்தபோது கோயில் வரி பாக்கி என்று துக்க மணி அடிக்க மறுத்தார்கள். பணம் புரட்டிக் கட்டிய பிறகுதான் அடித்தார்கள். எந்தக் கோயில், யார் என்று எழுத மாட்டேன். அந்தக் காயம் ஆறவில்லை.

சாதி பாவம். சாதி பார்த்துக் கல்லறையில் சுவர் வைப்பது கிறிஸ்துவின் உடலைக் கூறு போடுவது. இதை மென்று விழுங்கிச் சொல்ல எனக்குத் தெரியாது. மற்ற சபைகளிலும் சாதி இருக்கிறது என்பது நமக்குச் சமாதானம் ஆகாது. 2022இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் எந்தச் சாதியோடும் சரிசமமாகப் பழகியவர். அவர் படத்தை மாட்டிவிட்டுத் தனிச் சப்பரம் கேட்பவர்களைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது.

ஆனாலும் குருவின் யோக்கியதையைப் பொறுத்து அருட்சாதனத்தின் (திருமுழுக்கு, நற்கருணை போன்றவற்றின்) பலன் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. வட ஆப்பிரிக்காவில் பிரிந்துபோன தொனாத்துஸ் கூட்டத்தார் இதை மறுத்தபோது புனித அகுஸ்தினார் பதில் சொல்லி 1,600 வருஷமாகிறது. திருமுழுக்குக் கொடுப்பவர் கிறிஸ்துவே என்றார். மணியடிக்க மறுத்த அந்தக் கோயிலிலும் அப்பம் ஆண்டவராகத்தான் ஆனது. நான் வெளியேறினால் அந்தச் சுவருக்கு எதிராகப் பேச ஒரு வாய் குறையும். அதனாலும் இருக்கிறேன்.

கேள்வி (வெலிங்டன்): விசுவாசத்தால் மட்டுமே மீட்பு. நீங்கள் நற்செயலால் மோட்சம் வாங்கப் பார்க்கிறீர்கள் என்கிறார்களே?

பதில்: அருளால் மீட்கப்பட்டோம் (எபே 2:8). நாங்களும் அதையே நம்புகிறோம். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதைப் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006இல் மெதடிஸ்ட் சபையும் சேர்ந்தது. மிச்சம் இருக்கும் வேறுபாடு சொற்பம். "விசுவாசத்தால் மட்டும்" என்ற சொற்சேர்க்கை பைபிளில் வருவது ஒரே இடத்தில், அதுவும் மட்டும் அல்ல என்று சொல்ல (யாக் 2:24).

கேள்வி (குன்னூர், ஒரு தாய்): மகள் சி.எஸ்.ஐ. பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். அவனுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமா?

பதில்: கூடவே கூடாதம்மா. மூவொரு கடவுள் பெயரால் தண்ணீரில் பெற்ற திருமுழுக்கு ஒரு தடவைதான். அவர் சி.எஸ்.ஐ.யிலேயே இருக்கலாம். ஆயரின் அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வதாக உங்கள் மகள் வாக்குக் கொடுக்க வேண்டும். கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும் முன்னாலேயே பங்குத்தந்தையிடம் இரண்டு பேரும் சேர்ந்து போகட்டும்.

கேள்வி (மீண்டும் கோத்தகிரித் தம்பி): உங்கள் அக்கா இப்போது?

பதில்: அந்தச் சபையில்தான் இருக்கிறாள், உறுதியாக. இறந்தவர்களுக்காக ஜெபிப்பது தப்பு என்பது அவள் நம்பிக்கை. நான் மக்கபேயரைக் காட்டுவேன், அது எங்கள் பைபிளில் இல்லை என்பாள். இந்தப் பேச்சு 28 வருஷமாக ஓடுகிறது. ஆனால் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குத் தவறாமல் வந்துவிடுவாள். அம்மா கல்லறையில் முளைத்த புல்லைக் கதிரறுவாளால் அவள்தான் செதுக்குவாள். நான் மெழுகுத்திரி ஏற்றி ஜெபமாலை சொல்லுவேன். அவள் சொல்ல மாட்டாள். மலைக்காற்றில் திரி அணையாமல் இரண்டு கையையும் குவித்து மறைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை குந்தியிருப்பாள்.