கை முன்னால் போக வேண்டும்

வணக்கம். ஜூபின் மேத்தா இசைக்குழுவின் எதிரே நின்று நடத்திய பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனியை யூட்யூபில் பார்த்தேன். ஒரே குழுவோடு ஐம்பது வருஷம் இருந்திருக்கிறாராம். எனக்கென்னவோ சும்மா கையாட்டுகிறார் என்றுதான் பட்டது. திருவையாற்றில் நூற்றுக்கணக்கானவர்கள் தியாகையரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தையும் பாடுகிறார்கள். எதிரே குச்சியோடு யாரும் நிற்பதில்லையே! நம் இசை உயர்ந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? கும்பகோணத்தில் வயலின் படிக்கும் என் தங்கை மகன், 14 வயது, மேத்தாவைப் போல இசைக்குழு நடத்தும் கண்டக்டர் ஆகப்போகிறேன் என்கிறான். எங்கே படிக்க வைக்கலாம்? பிழைக்க முடியுமா?

ஒரு வாசகர், மயிலாடுதுறை

அன்புள்ள நண்பருக்கு,

எது உயர்ந்தது என்ற பேச்சை விட்டுவிடுவோம். அதனால் யாருக்கும் ஒரு ஸ்வரம்கூடச் சுத்தமாகப் போவதில்லை. ஆனால் "சும்மா கையாட்டுகிறார்" என்று எழுதினீர்களே, அதை விட மாட்டேன். இசை தெரிந்த ஊர்க்காரர் இப்படி எழுதலாமா?

நீங்கள் பார்த்த சிம்பொனியின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சின்ன மௌனம், பிறகு மூன்று சின்ன ஸ்வரங்கள், பிறகு ஒரு நீண்ட ஸ்வரம். பீத்தோவன் குறித்த வேகம் நிமிஷத்துக்கு 108 தட்டு. அப்படியானால் ஒரு தட்டு அரை நொடிக்குக் கொஞ்சம் அதிகம், அந்த மௌனம் ஏறக்குறைய 0.14 நொடி. நம் கணக்கில் சொன்னால் தட்டு விழுந்து கால் இடம் தள்ளி எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம். இதில் என்ன கஷ்டம் என்பீர்கள். நம் பல்லவியில் தாளம் முன்பே ஓடிக்கொண்டிருக்கும், எடுப்பு எங்கே என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். இங்கே அதற்கு முன்னால் தாளமே கிடையாது. பெரிய குழுவில் 16 முதல் வயலின், 14 இரண்டாம் வயலின், 12 வயோலா, 10 செல்லோ, 8 டபுள்பேஸ் (இவை மூன்றும் வயலினைவிடப் பெரிய தந்தி வாத்தியங்கள்), கூடவே ஊதும் வாத்தியமான கிளாரினெட் 2. இத்தனை பேரும் நிசப்தத்திலிருந்து ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும்.

அவர்களிடம் இருப்பது கை மேலே போகும் அந்த ஒரு வீச்சு மட்டும்தான். வேகமும் கனமும் அதிலேயே இருக்க வேண்டும். மேலே போகும் கை 100 வேகத்திலும் இறங்கும் கை 108-லும் இருந்தால் பாதிப் பேர் முதலாவதை நம்புவார்கள், பாதிப் பேர் இரண்டாவதை. மூன்று ஸ்வரம் நான்காகக் கேட்கும். உச்சியில் கை ஒரு கணம் தங்கிவிட்டால் கடைசி வரிசையில் யாராவது தனியாக உள்ளே வந்துவிடுவார். இதைத் தாண்டினால் அடுத்த சிக்கல் அந்த நீண்ட ஸ்வரம். அதன் மேல் தாளத்தை நிறுத்தும் குறி இருக்கிறது. எப்போது முடிப்பது? அறுபது பேர் கூடிப் பேசி முடிவெடுக்க முடியாது. ஒரு கை வெட்ட வேண்டும், அந்த வெட்டே அடுத்த எடுப்புக்கான வீச்சாகவும் இருக்க வேண்டும். இரண்டாம் முறை அதே நிறுத்தம் ஒரு தட்டு கூடுதலாக நீளும். அதைக் கவனிக்காமல் ஒரே அளவாக வெட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

டபுள்பேஸின் தடித்த தந்தி வயலின் தந்திபோல் சட்டென்று பேசாது. கடைமடைக்குத் தண்ணீர் நேரத்துக்குச் சேர வேண்டுமானால் தலைமடையை முன்கூட்டியே திறக்க வேண்டுமில்லையா, அதைப் போல அவர்களுக்கான குறிப்பு முன்னதாகப் போக வேண்டும். மேத்தா 1954-இல் வியன்னாவுக்குப் படிக்கப்போய் அங்கே டபுள்பேஸும் கற்றவர். பின்வரிசையில் உட்கார்ந்தவருக்கு அந்தத் தாமதம் தெரியும்.

இப்போது திருவையாறு. ஐந்து கீர்த்தனைகளும் ஆதி தாளம். நடுவில் தாளம் எங்கும் நிற்பதில்லை, வருஷா வருஷம் அதே ஐந்து, எல்லோருக்கும் மனப்பாடம். எதிரே ஆள் வேண்டாததற்கு இதுதான் காரணம். ஒரு மேற்கத்தியக் குழு வாரத்துக்கு வாரம் நிகழ்ச்சி மாற்றுகிறது, இரண்டரை மணி ஒத்திகை நாலைந்துதான் கிடைக்கும்.

திருவையாற்றிலும் எல்லாம் சேர்ந்தா ஒலிக்கிறது? பந்தலின் பின்பக்கம் உட்கார்ந்து கேளுங்கள். நம் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 35 மீட்டர் பின்னால் இருப்பவருக்கு முன்வரிசைக் குரல் பத்தில் ஒரு பங்கு நொடி பிந்தித்தான் வரும். அட்சரத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு, ஒரு நொடி, அதில் நான்கு ஸ்வரம் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட அரை ஸ்வரம் போய்விடுகிறது. அவர் காதால் கேட்டுப் பாடினால் அந்தக் குரல் முன்னால் திரும்பி வர இன்னொரு பத்தில் ஒரு பங்கு. பக்கத்தில் ஒலிபெருக்கி இருந்தால் குழாய்க் குரல் முந்தி வரும், மேடைக் குரல் பிந்தி வரும், எதைப் பிடிப்பது? மருந்து ஒன்றுதான்: காதை நம்பாமல் முன்வரிசை வித்வானின் தாளம் போடும் கையைப் பார்த்துப் பாட வேண்டும். பின்னால் இருப்பவர் கண்ணுக்கும் அந்தக் கை தெரியும்படி ஒருவரை உயரத்தில் உட்கார வைத்தால் என்ன குறைந்துவிடும்? தியாகையர் கோபிக்க மாட்டார். தஞ்சை அரண்மனையில் சரபோஜி காலத்திலேயே மேற்கத்திய பாண்டு இருந்தது. நாட்டியத்துக்குத் தாளம் தட்டி நடத்தும் நட்டுவாங்கமும் ஒருவர் கையை நம்பி நடக்கும் வேலைதான். நமக்கு அந்நியமான யோசனை இல்லை இது.

ஐம்பது வருஷ விஷயம். நீங்கள் சொன்ன குழு இஸ்ரேல் பில்ஹார்மானிக், மேத்தா பிறந்த 1936-இல்தான் அதுவும் தொடங்கியது. 1969-இல் ஆலோசகராக வந்தார், 1977-இல் இசை இயக்குநர், 1981-இல் ஆயுள் முழுவதற்கும் என்றார்கள், 2019-இல் விலகினார். அந்தக் குழு வாசிப்பவர்களே நடத்தும் கூட்டுறவு. அவரை வைத்துக்கொண்டது ரசிகர்கள் இல்லை, ஒத்திகையில் தினமும் அவர் கையைப் பார்த்தவர்கள். ஒத்திகையில் பேசிக்கொண்டே நேரத்தைத் தின்கிற நடத்துநரை எந்தக் குழுவும் இத்தனை காலம் சகிக்காது.

தங்கை மகனிடம் வருமானக் கணக்கை இப்போதே பேசாதீர்கள், பாவம் பிள்ளை. வயலினை விடாமல் பியானோவும் தொடங்கட்டும். ஐந்தாம் சிம்பொனியின் ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த இசைத்தாள், இணையத்தில் இலவசம். வயோலா வரியில் நடுக்கோடுதான் நடு ஸி (பியானோவின் நடுவில் இருக்கும் ஸி ஸ்வரம்), முதல் பகுதியின் கிளாரினெட் வரியில் எழுதியிருப்பது ஒலிப்பதைவிட ஒரு முழு ஸ்வரம் மேலே. இவற்றைத் தடுமாறாமல் படிக்கப் பழகட்டும். பிறகு தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 108-இல் வைத்து வேகத்தை உடம்பில் வாங்கிக்கொண்டு, அதை நிறுத்திவிட்டு, கூடப் படிக்கும் நான்கு பிள்ளைகளை வயலினோடு எதிரே உட்கார வைத்து, வாயால் எண்ணாமல் ஒரே வீச்சில் அவர்களைக் கிளப்பிப் பார்க்கட்டும். நான்கு பேரும் சேர்ந்து வரவில்லையென்றால் அவர்களைத் திட்டாமல் தன் மணிக்கட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.