தூக்கத்தைக் குறைத்தால் உடம்பு குறையுமா?

கேள்வி: என் மனைவிக்கு 36 வயது. முன்பு தோட்டத்தில் கொழுந்து எடுத்தார், இப்போது டவுன் பக்கம் கார்மண்ட்ஸ் வேலை. காலையில் நான்கு மணிக்கு எழும்பிச் சமைத்துவிட்டு ஆறு மணி பஸ்சைப் பிடிப்பார். எல்லா வேலையும் முடித்துப் படுக்கப் பதினொரு மணியாகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் எட்டு மணி வரை தூக்கம்தான். மூன்று நான்கு வருடத்தில் உடம்பு நன்றாகப் போட்டுவிட்டது. தூங்கித் தூங்கித்தான் இப்படி ஆகிவிட்டது என்கிறார் என் அம்மா. தூக்கத்தைக் குறைக்கச் சொல்லி நீங்கள் எழுதினால் அவர் கேட்பார்.
— வாசகர், தலவாக்கலை

பதில்: அப்படி எழுத மாட்டேன். உங்கள் கடிதத்திலேயே கணக்கு இருக்கிறது. பதினொரு மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழும்பினால் ஓர் இரவுக்கு 5 மணித்தியாலம். ஆறு இரவுக்கு 30. சனிக்கிழமை இரவு 9. ஆக, வாரத்துக்கு 39 மணித்தியாலம். வளர்ந்தவர்களுக்கு ஓர் இரவில் குறைந்தது 7 மணித்தியாலமாவது வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பொதுவான முடிவு. அப்படிப் பார்த்தால் 49 வேண்டும். உங்கள் மனைவிக்கு வாரந்தோறும் 10 மணித்தியாலத் தூக்கம் கிடைக்காமல் போகிறது. உங்கள் அம்மா அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை மட்டும் பார்க்கிறார். அவர் காலத்தில் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, பிந்தினால் அன்றைய பேரே, அதாவது நாட்சம்பளமே, போய்விடும். தூக்கம் என்றாலே சோம்பல் என்ற பயம் அங்கிருந்து வந்தது. அவர்மேல் எனக்குக் குறை இல்லை. நீங்கள் அதை நம்பி மனைவியை எழுப்புவதுதான் எனக்கு வருத்தம்.

விழித்திருந்தால் உடம்பு கரையும் என்று நினைப்பது நியாயமாகத்தான் தெரியும். கொஞ்சம் கரையவும் செய்கிறது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து இரவுகள் 5 மணித்தியாலம் மட்டும் தூங்கியவர்களின் உடம்பு வழமையைவிடச் சுமார் 5 சதவீதம் கூடுதலாகச் சக்தியைச் செலவழித்தது. ஆனால் அவர்கள் சாப்பிட்டது அதைவிட அதிகம். அதிலும் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு கொறித்ததுதான் அதிகம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, எடை கிட்டத்தட்ட 0.8 கிலோ கூடிவிட்டது.

அதற்குக் காரணம் வாயடக்கம் இல்லாதது அல்ல. பசியைக் கிளப்ப கிரெலின் என்று ஒரு ஹோர்மோன், போதும் என்று சொல்ல லெப்டின் என்று இன்னொன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணித்தியாலம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தார்கள். பத்து மணித்தியாலம் படுக்கவிட்ட நாட்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. அவர்களுடைய ஆசை போனது இனிப்பு, உப்பு, மாச்சாப்பாட்டுப் பக்கம். இது 2004இல் வெளிவந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் மெஷினுக்கு முன்னால் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பனிஸும் இரண்டு கரண்டி சீனி போட்ட பிளேன்டீயும் ஏன் தேவைப்படுகிறது என்று அது சொல்லிவிடுகிறது.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்க வேண்டும். கொழுந்து எடுத்த காலத்தில் அவர் நாள் முழுக்க மலை ஏறி இறங்கினார். இப்போது நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கிறார். ரொட்டியின் அளவு மட்டும் பழையபடியே இருந்தால் எடை கூடத்தான் செய்யும். தூக்கக் குறைவுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 68,000க்கும் மேற்பட்ட தாதிமாரை 16 வருடம் கவனித்தார்கள். அதில் 5 மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்கள், 7 மணித்தியாலம் தூங்கியவர்களைவிடச் சராசரியாக ஒரு கிலோ சொச்சம்தான் கூடுதலாக ஏறியிருந்தார்கள். சராசரி அவ்வளவுதான். ஆனால் 15 கிலோ அளவுக்கு ஏறும் ஆபத்து அவர்களுக்குச் சுமார் 30 சதவீதம் அதிகமாக இருந்தது.

சரி, அவர் சாப்பாட்டைக் குறைத்து, தூக்கத்தையும் குறைத்தால்? அதையும் பார்த்திருக்கிறார்கள். 2010இல் சிகாகோவில் பருமனான பத்துப் பேருக்கு ஒரே அளவு குறைந்த சாப்பாடு கொடுத்து, இரண்டு வாரம் 8.5 மணித்தியாலமும், வேறு இரண்டு வாரம் 5.5 மணித்தியாலமும் படுக்கவிட்டார்கள். இரண்டு தடவையும் ஏறக்குறைய 3 கிலோ இறங்கியது. நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் குறைந்தபோது கொழுப்பு 0.6 கிலோதான், மற்றது தசை போன்ற கொழுப்பல்லாத பங்கு. தராசு முள் இறங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். போனதில் பெரும்பங்கு கொழுப்பே அல்ல.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது 2022இல் வந்த ஆய்வு. ஆறரை மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்கும், எடை கூடிய 80 பேர். பாதிப் பேருக்குத் தூக்கத்தை நீட்டும் வழியை மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள், சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கள் வீட்டிலேயே முன்பைவிட ஒரு மணித்தியாலமும் சொச்சமும் கூடுதலாகத் தூங்கத் தொடங்கியதும், மற்றப் பாதியோடு ஒப்பிட்டால் அவர்கள் சாப்பிட்டது நாளுக்கு ஏறக்குறைய 270 கலோரி குறைந்தது. 67 கிராம் சீனிக்குச் சமமான அளவு, தானாகவே.

அந்த ஒரு மணித்தியாலத்தை உங்கள் வீட்டில் யார் கொடுப்பது? நீங்கள்தான். காலையில் ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் சாப்பாட்டுப் பார்சல் கட்டுவது அவர். இராவில் பாத்திரம் கழுவுவதும் அவராகத்தான் இருக்கும், உங்கள் கடிதத்தில் வேறு யார் பெயரும் இல்லை. பீலியில் தண்ணீர் பிடிப்பது, தேங்காய் திருவி வைப்பது, பிள்ளைகளின் கொப்பியைப் பார்ப்பது, சாமான் கழுவுவது, இதில் பாதியை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவர் பத்து மணிக்குப் படுக்கலாம். ஞாயிற்றுக்கிழமையில் கை வைக்காதீர்கள். ஒரு காலைத் தூக்கம் ஆறு நாள் கடனை அடைக்காது, அதையும் பறித்துவிட்டால் அவருக்கு இருப்பது ஒன்றுமில்லை.

அம்மா சொல்வதில் ஓர் இடத்தில் மட்டும் உண்மை உண்டு. தினமும் ஒன்பது, பத்து மணித்தியாலம் தூங்குகிறவர்களிடமும் பருமன் கூடுதலாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் அங்கே தூக்கம் காரணம் அல்ல, தைரொயிட் குறைவு, மனச்சோர்வு, குறட்டையால் கெட்டுப்போன நித்திரை போன்றவை பின்னால் இருக்கும். உங்கள் மனைவி அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனால் குறட்டை விடுகிறாரா, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புகிறாரா என்று கவனியுங்கள். எடை கூடினால் தொண்டை வழி நெருக்கப்பட்டு இப்படி ஆவதுண்டு, அப்போது எவ்வளவு படுத்தாலும் களைப்புத் தீராது. இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்றிமீற்றர், ஆண்களுக்கு 90 என்பதே எல்லை. அதைத் தாண்டியிருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் சீனி, பிரஷர், தைரொயிட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு நீங்களும் கூடவே போங்கள்.