பெருந்தொற்றில் பள்ளி மூடியபோது படிப்பு மட்டும்தான் போனதா?

இல்லை, தமிழ்நாட்டில் மதியச் சாப்பாடும் சேர்ந்தே போனது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியதும் சத்துணவுக்கூடத்து அடுப்பும் அணைந்தது. பிறகு அரிசி, பருப்பாகக் கொடுத்தார்கள். சரி, ஆனால் அது வீட்டுப் பானைக்குள் போய்விடும். தட்டில் விழுந்த சோறு மாதிரி அந்தப் பிள்ளைக்கென்று நிற்காது. வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கமும் விட்டுப்போனது. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

படிப்பின் கதை வேறு. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. 8-ம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு அந்தந்த ஊர்த் தன்னார்வலர்களே மாலையில் பாடம் எடுத்தார்கள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்தான். தெரிந்த அக்கா டீச்சரானதால் பிள்ளைகளுக்குப் பயமில்லை. அப்புறம், 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் வந்தது.