மாலத்தீவுக்கு லோன் போட்டுப் போகலாமா?

கேள்வி: கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. மனைவிக்கு மாலத்தீவு போக ஆசை. ரிசார்ட்டில் 4 இரவு, விமானம் எல்லாம் சேர்த்து 2 லட்சம் கேட்கிறார்கள். கையில் சேமிப்பு இல்லை, மாதம் 12,000 மிச்சம் பிடிக்க முடியும். பர்சனல் லோன் எடுக்கலாமா? – வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். 2 லட்சத்தை 14% வட்டியில் இரண்டு வருடத்துக்கு வாங்கினால் தவணை மாதம் சுமார் 9,600. வட்டி மட்டுமே 30,000-ஐத் தாண்டும். மாதம் மிஞ்சுவது 2,400 ரூபாய்தான், நடுவில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் இன்னொரு லோன்.

அதற்காக ஆசையை விட வேண்டாம், ரிசார்ட்டை விடுங்கள். அது தனித் தீவு. போக ஸ்பீட்போட், தூரமென்றால் சீபிளேன் (அதற்கே ஆளுக்குச் சில நூறு டாலர்), போய் இறங்கினால் டீ குடிக்கக்கூட அவர்கள் கடையை விட்டால் வேறு கதி கிடையாது. வாடகைக்குப் பக்கத்தில் ‘++’ என்று பொடியாகப் போட்டிருந்தால் கவனியுங்கள்: 100 டாலர் அறை, 10% சர்வீஸ் சார்ஜ், அதற்கும் மேல் 17% வரி சேர்ந்து 128.70 டாலர் ஆகிவிடும், அப்புறம் பசுமை வரி வேறு, ஆளுக்கு இரவுக்கு 12 டாலர்.

2009-க்குப் பிறகு மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ்கள் வந்துவிட்டன. மாஃபுஷித் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். தலைநகர் மாலேயிலிருந்து பொதுப் படகில் ஒன்றரை மணி நேரம், கட்டணம் சில டாலர்தான். சர்வீஸ் சார்ஜும் 17% வரியும் இங்கேயும் உண்டு, ஆனால் அறை வாடகையே குறைவு, சின்ன கெஸ்ட் ஹவுஸ் என்றால் பசுமை வரியும் பாதி. மது கிடைக்காது, பிகினி அதற்கென்று ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். கடல் என்னவோ அதே நீலம்தான்.

இன்றே 12,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. (மாதாமாதம் வங்கியில் போடும் தொடர் சேமிப்பு) தொடங்குங்கள். ஒன்பது மாதத்தில் 1,08,000, கூடவே கொஞ்சம் வட்டி. விமானம் உட்பட இருவருக்கு 4 இரவு இதற்குள் அடக்கிவிடலாம் என்பது என் கணக்கு, டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான சீசனைத் தவிர்த்தால் இன்னும் எளிது. மழை வரும், ஆனால் வாடகை இறங்கும்.

இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா அங்கே இறங்கியதும் இலவசம். பயணத்துக்கு முன் நிரப்பும் ‘இமுகா’ படிவத்துக்கும் கட்டணம் இல்லை, யாராவது காசு கேட்டால் அது போலித் தளம். கிரெடிட் கார்டைத் தேய்க்கும் முன் வெளிநாட்டு மார்க்கப் (வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி கூடுதலாகப் பிடிக்கும் கட்டணம்) எவ்வளவு என்று பாருங்கள், பல கார்டுகளில் 3.5%, அதன் மேல் ஜிஎஸ்டி. வெள்ளிக்கிழமை போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள், அன்று பொதுப் படகு ஓடாது, ஸ்பீட்போட்டுக்குத்தான் அழ வேண்டியிருக்கும்.