தீர்மானப் புத்தகத்தில் ஏறாத ஆய்வு – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்ப் பராமரிப்பு குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஊர்க்கூட்டம் கூட்டி, மக்களையே தரையில் வரைபடம் போடச் சொல்லித் தகவல் திரட்டும் பங்கேற்பு முறை. எல்லா ஊரிலும் நான்கைந்து ஆண்கள்தான் பேசுகிறார்கள். பெண்கள் ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களைப் பேசவைக்க உத்தி ஏதேனும் உண்டா? வருபவர்களுக்கு ஒருநாள் கூலி கொடுத்தால் ஆய்வு கெட்டுவிடுமா? முடிவுகளைக் கொள்கை வகுப்பவர்களிடம் எப்படிக் கொண்டு சேர்ப்பது?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

கூலியைக் கொடுத்துவிடுங்கள். களையெடுப்பை விட்டுவிட்டு வந்து உட்காரும் பெண்ணின் அரைநாளை இலவசமாக வாங்கிக்கொண்டு, ஆய்வின் தூய்மையைப் பற்றிக் கவலைப்படுவது எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு உதவித்தொகை வருகிறதே, அதனால் ஆய்வு கெட்டுவிட்டதா? உத்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. பெண்களோடு அவர்கள் தெருவிலேயே, வேலை முடிந்த நேரத்தில், தனியாக உட்காருங்கள்.

மூன்றாவது கேள்விதான் என்னைப் பதில் எழுத வைத்தது, ஏனென்றால் கொஞ்ச காலமாகவே இது என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய இத்தகைய கூட்டத்தில் பார்வையாளனாக இருந்தேன். கோயில் திடலில் கோலமாவால் கண்மாயை வரைந்தார்கள். மடைகளுக்குக் கூழாங்கல் வைத்தார்கள், ஆயக்கட்டுக்கு, அதாவது கண்மாய் நீர் பாயும் நிலத்துக்கு, வேப்பிலையைப் பரப்பினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்தக் கண்மாயின் மடைகளைக் காலமெல்லாம் திறந்து அடைத்த நீர்பாய்ச்சி மட்டும் திடலுக்குள் வரவில்லை. அவர் வரக்கூடிய திடல் அல்ல அது. துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி சாலையோரத்தில் நின்றார். கூட்டம் முழுக்கத் தூர் வாருவதைப் பற்றியே பேசியது. கலைந்தபின் குழுவிலிருந்த ஓர் இளைஞர் அவரிடம் போய்க் கேட்டபோது, கால் கட்டைவிரலால் புழுதியில் ஒரு கோடு இழுத்துக் காட்டிச் சொன்னார்: “வரத்துக்கால அடைச்சு வயலாக்கிட்டாக சாமி. கம்மாய எம்புட்டு ஆழந் தோண்டுனாலும் தண்ணி எங்கிட்டிருந்து வரும்?”

பிறகு வந்த அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அதில் தூர் வாரப் பரிந்துரை இருந்தது, மக்களிடையே விழிப்புணர்வு குறைவு என்ற வரியும் இருந்தது, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் அந்த வரத்துக்காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. வரத்துக்காலை வளைத்திருந்தவர்களில் ஒருவர்தான் அன்று கோலமாவைக் கையில் வைத்திருந்தவர். வரைபடம் வரையும் கோலை ஊர்க்காரர் கையில் கொடுத்துவிட்டு ஆய்வாளர் ஒதுங்க வேண்டும் என்று, பங்கேற்பு முறையின் முன்னோடியான ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் சொன்னதை நம்மவர்கள் மனப்பாடம் செய்துகொண்டார்கள்; ஊரில் எந்தக் கைக்கு அந்தக் கோல் போகிறது என்று பார்க்கத்தான் அவர்களுக்கு நேரமில்லை. அந்த அறிக்கையைத் தமிழில், ஒவ்வொரு தெருவிலும் ஊரார் முன் வாசித்திருந்தால், வரத்துக்கால் அவ்வளவு எளிதில் காணாமல் போயிருக்காது. பெண்கள் பேசவில்லை என்கிறீர்கள். முன்பு வந்தவர்களிடம் சொன்னது என்ன ஆயிற்று என்று தெரியாதவர்கள் உங்களிடம் எதற்காகப் பேச வேண்டும்?

கொள்கை வகுப்பவர் என்றதும் நீங்கள் கோட்டையை நினைக்கிறீர்கள். முதலில் உங்கள் கண்மாய் யாருடையது என்று கேளுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவென்றால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேலென்றால் நீர்வளத் துறை. சிறுபாசனம் அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையிலேயே ஊராட்சிகளுக்குரிய பொருளாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பேசுவதற்குரிய இடம் கிராம சபை. நூறு நாள் வேலைக்காரர்களை வரவழைத்துக் கையெழுத்து வாங்கி எண்ணிக்கையை நிரப்பிவிட்டு, முன்பே எழுதி வைத்த தீர்மானங்களை வாசித்து முடிப்பதுதான் பல ஊர்களில் நடக்கிறது என்பது எனக்கும் தெரியும். அதற்காகக் கிராம சபையின் தீர்மானப் புத்தகத்தை விட்டுவிட முடியாது.

மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியை நீங்கள் அறிவீர்கள். அந்த ஊரார் அறிந்திருந்த குன்றுகளும் சுனைகளும் வல்லூறுகளும் 2022 நவம்பரில் அரசாணையில் ஏறின. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களின் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாயிற்று. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தபோது, ஏலம் போன பரப்புக்குள் அந்தத் தலமும் இருந்தது. அதே மாதம் 23 ஆம் தேதி கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் மட்டுமே சுரங்கத்தை நிறுத்தியது என்று சொல்லமாட்டேன். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது, ஜனவரியில் ஊர் ஊராகத் திரண்டு மதுரைக்கு நடந்தார்கள், அதன் பிறகே ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஆனால் ரத்துக்குச் சொன்ன காரணங்களில் அந்தப் பாரம்பரியத் தலமும் ஒன்று. ஊர் அறிந்தது ஏற்கெனவே சட்டப்படி எழுத்தில் இருந்தது. உங்கள் ஆய்வேடு நூலக அடுக்கில் இருப்பதற்கும் அதற்கும் உள்ள தொலைவை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, அம்மா, ஆய்வேட்டை நெறியாளரிடம் கொடுப்பதற்கு முன் நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை எழுதி, காலனித் தெருவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தெருவிலும் வாசித்துத் திருத்திக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் ஊராரைக் கொண்டே அதைத் தீர்மானமாக வைக்கச் செய்யுங்கள். செயலர் “மக்கள் கோரிக்கை விவாதிக்கப்பட்டது” என்று ஒரு வரியில் முடிக்கப் பார்ப்பார். எந்தச் சர்வே எண், எந்த வரத்துக்கால் என்று எழுதும்வரை யாரும் எழுந்து போக வேண்டாம். நகலையும் கேட்டு வாங்கி, உங்கள் வாசிப்பைக் கேட்ட பெண்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.