பசை அட்டையில் ஒட்டிய பல்லியை உயிரோடு எடுப்பது எப்படி?

வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் கரப்பானுக்கு வைத்த பசை அட்டையில் பல்லி ஒட்டிக்கொண்டது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இழுக்காதீர்கள். வால் கழன்றால் மீண்டும் வளரும். தோல் கிழிந்தால் பிழைப்பது கடினம்.

முதலில் அதைச் சுற்றியுள்ள பசைமேல் டிஷ்யூ தாளை ஒட்டி மூடுங்கள். இல்லாவிட்டால் விடுபட்ட கால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பிறகு பஞ்சுக்குச்சியில் சமையல் எண்ணெய் தொட்டு வயிற்றோரமும் விரலடியிலும் தடவி, பசை இளகும்வரை சில நிமிடம் பொறுங்கள். மூக்கிலும் கண்ணிலும் படக்கூடாது. பல்லிக்கு மூடித் திறக்கும் இமை கிடையாது. குச்சியை அடியில் மெல்ல உருட்டி ஒவ்வொரு காலாக விடுவியுங்கள். தின்னர், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தோலைப் புண்ணாக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கோடு விட்டால் சுவரில் ஏறாது, ஏனென்றால் விரலடியின் நுண்மயிர்கள் படிந்துவிடும். ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, துளையிட்ட டப்பாவில் சில மணி நேரம் நிழலில் வையுங்கள். இருட்டியதும் தாழ்வாரச் செடித்தொட்டி அருகே விடலாம். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எச்சத்தில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம்.

கரப்பானுக்கு இனி அலமாரிக் கீல் இடுக்கில் ஜெல் மருந்து வையுங்கள். திறந்த தரையில் பசை அட்டை வைப்பது பல்லிக்கு வதை, அதுவோ சின்னக் கரப்பான்களைத் தின்று உங்களுக்கு உதவுகிற உயிர்.