பழைய மண்கரை ஓரத்தில் வீடு: சோதனைக் குழி எதற்கு?

கேள்வி: இங்கிலாந்தில் கோல்செஸ்டரில் இருக்கிறோம். எங்கள் தோட்டம் கிரைம்ஸ் டைக் என்ற பழைய மண்கரைக்கு அருகில் இருக்கிறது. அங்கே சின்ன வீடு ஒன்று கட்ட விண்ணப்பித்தோம். முதலில் தொல்லியல் சோதனைக் குழி வெட்ட வேண்டும், செலவும் எங்களுடையதுதான் என்கிறது கவுன்சில். ஏதாவது கிடைத்துவிட்டால் வீடு கட்ட முடியாதா?

பதில்: பெரும்பாலும் கட்டலாம். இந்தியாவில் மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. இங்கிலாந்தில் அப்படி ஒரு பொதுவான தடை எல்லை இல்லை. அரசு பட்டியலிட்டுப் பாதுகாக்கும் நினைவுச்சின்னத்தின் எல்லைக்குள் மண்ணைத் தொட்டால்தான் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். அந்தக் கோடு உங்கள் தோட்டத்துக்குள் வருகிறதா என்று முதலில் வரைபடத்தில் பாருங்கள். வந்தால், அனுமதி கிடைக்கும்வரை மண்வெட்டியை எடுக்கவே வேண்டாம்.

சரி, குழி எதற்கு? கோல்செஸ்டர் மண் அப்படிப்பட்டது. ரோமானியத் தேரோட்டக் களம் ஒன்று அங்கே இருந்தது என்பதே, படை முகாம் நிலத்தில் புதுக் கட்டடம் எழும்புவதற்கு முன் தோண்டியபோது, 2004இல்தான் தெரிந்தது. உங்கள் டைக்கில் கரை கிழக்கே, அகழி மேற்கே. நீங்கள் மேற்குப் பக்கம் என்றால், எப்போதோ தூர்ந்துபோன அகழியின் ஓரம் உங்கள் புல்தரைக்கு அடியிலும் இருக்கக்கூடும்.

வேலை பெரிதல்ல. பல் இல்லாத வாளி பொருத்திய ஜேசிபி, மேல்மண்ணை மெல்லிய அடுக்குகளாகச் சீவும். தொல்லியலாளர் ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். மஞ்சள் மணலும் சரளையும் தெரிந்ததும் இயந்திரம் நிற்கும். அப்புறம் கரணை வேலை. அந்த மஞ்சளின் நடுவே கறுத்த பட்டை ஒன்று ஓடினால் அதுதான் பழைய பள்ளம். மண் லேசாக ஈரமாக இருக்கும்போது அதன் விளிம்பு கோடு போட்டதுபோலத் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மூச்சு ஒரு கணம் நின்றுவிடும்.

அந்தப் பட்டை உங்கள் சுவருக்கும் முக்கியம். தூர்ந்த அகழி மண் இறுகாதது. அஸ்திவாரத்தின் ஒரு பாதி அதன் மேலும் மறுபாதி சரளை மேலும் உட்கார்ந்தால் வீடு ஒருபக்கமாக இறங்கும். அதனால் இறுதி வரைபடம் போடும் முன்பே குழியை வெட்டிவிடுங்கள். பள்ளம் தெரிந்தால் வீட்டைச் சற்று நகர்த்தலாம், அல்லது அஸ்திவாரத்தை மாற்றலாம். நகர்த்த வழியே இல்லையென்றால் அந்த இடத்தை மட்டும் முழுமையாகத் தோண்டிப் பதிவு செய்யச் சொல்வார்கள். செலவு அங்கேதான் ஏறும்.

விலை கேட்கும்போது தோண்டும் கூலியை மட்டும் கேட்காதீர்கள். எப்படித் தோண்டுவது என்று கவுன்சில் ஏற்க வேண்டிய எழுத்துத் திட்டம், மண்ணை மூடுவது, கிடைத்த பொருள்களை ஆராய்வது, அறிக்கை, அருங்காட்சியகத்தில் ஒப்படைப்பது எல்லாம் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். எரிவாயு, மின்கம்பி செல்லும் வரைபடத்தையும் முன்கூட்டியே கொடுங்கள்.

பில்டர் அவசரப்படுத்தினாலும், தொல்லியல் நிபந்தனை தீர்ந்தது என்று கவுன்சில் எழுதித் தரும்வரை அஸ்திவாரம் தோண்ட விடாதீர்கள். கிடைக்கும் பானை ஓடுகள் பொதுவாக நில உரிமையாளருக்கே சொந்தம். தங்கம், வெள்ளி போன்ற புதையல் என்றால் 14 நாளுக்குள் கொரோனருக்கு (சந்தேக மரணங்களையும் புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். எலும்பு தெரிந்தால் யாரும் தொடாமல், வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுத் தொல்லியலாளரைக் கூப்பிடுங்கள்.